பூட்டிய வீட்டின் வெப்பம்

காலியாக ஒரு வீடு கிடைக்குமா என்று அலுவலகத்தில் பேச்சு எழுந்தபோது, சில்லுவுக்குச் சட்டென்று அம்மாவின் வீடுதான் ஞாபகம் வந்தது.

சில்லு என்பது வீட்டில் அவளைக் கூப்பிடும் பெயர். பிறந்ததிலிருந்தே அவள் கை சில்லென்று இருக்குமாம். யாரோ விளையாட்டாகக் கூப்பிட, அதுவே ஒட்டிக்கொண்டது. படித்து முடித்து, கல்யாணம் செய்து, அது சரிப்படாமல் தனியாக வந்து, காதோரம் நரை எட்டிப்பார்க்கத் தொடங்கிய பிறகும் அண்ணனுக்கும் அண்ணிக்கும் அவள் சில்லுதான்.

அவள் வேலை பார்த்த நிறுவனம் கட்டடங்களுக்கு வைத்தியம் பார்க்கிற இடம் என்று சொல்லலாம். எந்த வீடு எங்கே வெப்பத்தை ஒழுகவிடுகிறது, எந்தச் சுவர் குளிரை உள்ளே இழுக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்வார்கள். தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. பேட்டரியில் ஓடும். அதை அறைச் சுவரில் ஒட்டிவிட்டால், அறையின் வெப்பநிலையை அதுபாட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். சில்லு தன் மேசையில் உட்கார்ந்து கணினியில் இரண்டு கோடுகளை வரைவாள். நீலக் கோடு, அந்த அறை கணக்குப்படி எவ்வளவு சூடாக இருக்க வேண்டும் என்பது. வெளியே உள்ள வெயில், காற்று, சுவரின் கனம், ஜன்னலின் அளவு எல்லாம் அந்தக் கணக்கில் அடக்கம். சிவப்புக் கோடு, அறை உண்மையில் எவ்வளவு சூடாக இருந்தது என்பது. இரண்டையும் தேர்ந்தெடுத்து, 'இடைப்பகுதியை நிரப்பு' என்று கட்டளை கொடுத்தால், நடுவில் உள்ள இடம் வெளிர் ஆரஞ்சு நிறத்தில் நிறைந்துவிடும். அந்த நிறத்தின் பரப்பளவுதான் முக்கியம். கணக்கில் வராத வெப்பம் எவ்வளவு அறைக்குள் சேர்ந்தது என்பதை அது சொல்லும். அடுப்பு விட்டது, ஃபிரிட்ஜ் விட்டது, மனித உடம்பு விட்டது, எல்லாமே அந்த ஆரஞ்சுக்குள் இருக்கும்.

புதிய கருவிகள் வந்து இறங்கியிருந்தன. அவற்றைச் சரிபார்க்க ஆளும் அடுப்பும் இல்லாத வீடு ஒன்று தேவைப்பட்டது. காலி வீட்டில் நீலமும் சிவப்பும் ஒன்றின்மேல் ஒன்று படிய வேண்டும். நடுவில் நிரப்புவதற்கு இடமே இருக்கக் கூடாது. அப்படிப் படிந்தால் கருவியும் சரி, கணக்கும் சரி.

அம்மா போன மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தாள். அன்றிலிருந்து மூன்றாம் மாடியில் இருந்த அந்த வீடு பூட்டியே கிடந்தது. மின் இணைப்பைக்கூடத் துண்டித்தாகிவிட்டது. சாவி ஒன்று அண்ணனிடம், ஒன்று சில்லுவிடம். வீட்டை விற்றுவிடலாம் என்று அண்ணன் ஒரு தடவை வாயைத் திறக்க, "அவ படுத்திருந்த மெத்தைகூட இன்னும் அப்படியே கெடக்கு, அதுக்குள்ள என்ன அவசரம்?" என்று சில்லு எகிற, அதிலிருந்து இருவருக்கும் பேச்சு குறைந்துபோயிருந்தது. அண்ணிதான் அவ்வப்போது போன் செய்து நலம் விசாரிப்பாள். ஆகவே கருவி ஒட்டப்போவதை அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று சில்லுவுக்குத் தோன்றவில்லை. தோன்றாமல் என்ன, தோன்றியது. சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஹாலில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, சமையலறையில் ஒன்று, பின்னறையில் ஒன்று என்று ஒட்டினாள். பின்னறை சின்னது. அம்மா பகலில் அங்கேதான் உட்கார்ந்திருப்பாள். ஒரு மேசை, ஒரு மர நாற்காலி, கட்டடத்தின் உள்முற்றத்தைப் பார்த்த ஒற்றை ஜன்னல். நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. யாராவது அசைந்து உட்கார்ந்தால் 'டக்' என்று தரையில் தட்டும். சில்லு அறைக் கதவைச் சாத்தி, வாசலைப் பூட்டிக்கொண்டு திரும்பினாள். அவ்வளவு நேரமும் அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேலையைப் பற்றி மட்டும்தான் என்று சொன்னால் அது பொய்.

அடுத்த வாரம் கோடுகளை வரைந்து பார்த்தாள். படுக்கையறையில் நீலமும் சிவப்பும் ஒட்டிப் பிறந்த மாதிரி படிந்து கிடந்தன. சமையலறையிலும் அப்படியே. ஹால் அப்படி இல்லை. காலையில் கொஞ்சம் வெயில் ஏறியபின் சிவப்பு மேலே கிளம்பி, மாலை வரை நீலத்தை விட்டு விலகியே நின்றது. இடைப்பகுதியை நிரப்பினாள். பாம்பு இரையை விழுங்கிவிட்டுப் படுத்திருப்பதுபோல நடுவில் உப்பிக்கொண்டு ஓர் ஆரஞ்சு வடிவம். பின்னறையிலும் அதேபோல ஒன்று.

பக்கத்து மேசைக்காரருக்கு அலுவலகத்தில் 'சந்தேகம்' என்று பெயர். எதைப் பேசத் தொடங்கினாலும் "எனக்கொரு சந்தேகம்" என்றுதான் தொடங்குவார். அவர் நாற்காலியோடு உருண்டு வந்து திரையைப் பார்த்தார்.

"எனக்கொரு சந்தேகம். இது காலி வீடுதானே?"

"காலிதான். ஈ காக்கா கெடையாது."

"பரப்பளவைப் பாருங்க. ஒரு ஆள் சும்மா உக்காந்திருந்தா, பழைய குண்டு பல்பு ஒண்ணு எரியற அளவுக்கு வெப்பம் விடுவான். ஹால்ல சரியா ஒரு ஆளுக்கான கணக்கு இருக்கு. இந்தச் சின்ன ரூம்லயும் ஒரு ஆள்." தேதிகளை விரலால் ஓட்டிக்கொண்டே போனவர் நிறுத்தினார். "சனி ஞாயிறு ரெண்டு ரூமும் சுத்தமா இருக்கு. என்னங்க இது, வாரக் கடைசியில லீவு எடுக்கிற பேயா?"

சில்லு சிரித்தாள். அவர் உருண்டு போனபிறகு சிரிப்பு வடிந்துவிட்டது.

காரணம் தேடினாள். மேற்கு வெயிலாக இருக்குமோ என்றால், பின்னறையில் வெயிலே விழாது. பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக வருமோ என்றால், பின்னறையின் மூன்று பக்கமும் அம்மா வீட்டின் மற்ற அறைகளே. நான்காவது பக்கம் உள்முற்றம். கருவியில் கோளாறு இருக்கலாம் என்று அடுத்த ஞாயிறு வேறு கருவிகளைக் கொண்டுபோய் மாற்றினாள். கட்டளையில் தவறு இருக்கலாம் என்று படத்தை அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தாள். நிறம் மறுபடியும் அதே இடத்தில் அதே அளவுக்கு வந்து நிரம்பியது. உற்றுப் பார்க்கையில் இன்னொன்றும் தெரிந்தது. பின்னறையின் ஆரஞ்சு, ஹாலின் ஆரஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாலேயே தொடங்குகிறது. மாலையில் ஹால் அடங்கிய பிறகும் பின்னறை சற்று நேரம் நிற்கிறது. யாரோ முதலில் வந்து காத்திருந்து, கடைசியாகக் கிளம்பிப் போவதைப்போல.

எதிர்வீட்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். சில்லு அவளைப் படிக்கட்டில் மடக்கி, சும்மா பேசுவதுபோல வாயைக் கிளறினாள்.

"வீட்டைப் பூட்டியே வெச்சிருக்கோம். ஏதாவது சத்தம் கித்தம் கேக்குதா?"

"பூட்டியா?" நர்ஸ் வியப்பாகப் பார்த்தாள். "உங்க அண்ணன்தான் தெனமும் வர்றாரே. நான் டூட்டிக்குக் கிளம்பற நேரத்துக்கு மேல ஏறி வருவார். ஆபீஸ் பையெல்லாம் மாட்டிக்கிட்டு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு இறங்கினாள். இறங்க இறங்க மனம் கணக்குப் போட்டது. அலுவலக நாட்களில் மட்டும். பகலில் மட்டும். அண்ணிக்குத் தெரியாமல். ஹாலில் ஒரு ஆள், உள்ளே ஒரு ஆள். அந்த இன்னொரு ஆள் அவனுக்கு முன்பே வந்துவிடுகிறாள், அவன் போனபின் தனியாக இறங்குகிறாள், யார் கண்ணிலும் படாமல். அம்மா வாழ்ந்த வீட்டில். சில்லுவுக்குத் தலைக்குள் ஜிவ்வென்று ஏறியது.

மறுநாள் மதியம் அலுவலகத்திலிருந்து நேராகப் போனாள். செருப்பைப் படிக்கட்டிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் சாவியைத் திருப்பினாள்.

அண்ணன் ஹால் சோபாவில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. பக்கத்தில் அலுவலகப் பை. காலியான சாப்பாட்டு டப்பா மூடிவைக்கப்பட்டிருந்தது. அவன் கையில் எதுவும் இல்லை, போன்கூட இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவன்போல உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் அவன் பயப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் பயப்படவில்லை, குழம்பினான்.

"நீ எப்ப வெளிய போனே?" என்றான்.

"என்னது?"

"இல்ல, கதவு சத்தமே கேக்கலியே. நீ உள்ளதானே இருந்தே."

"இந்த நடிப்பெல்லாம் என்கிட்ட வேண்டாம். நான் இப்பதான் ஆபீஸ்லேர்ந்து வர்றேன். உள்ள யாரு இருக்கா, மரியாதையா வெளிய வரச் சொல்லு."

அண்ணன் அவளையே பார்த்தான். பிறகு பின்னறைக் கதவைப் பார்த்தான். அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

"சில்லு, விளையாடாதே."

"யாரு விளையாடறா?"

"அப்ப இத்தனை நாளா உள்ள உக்காந்திருந்தது நீ இல்லியா?"

வந்தபோது அவளுக்கு இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. கையில் செருப்பு இருப்பது அப்போதுதான் உறைத்தது. அதைக் கீழே வைத்தாள்.

அண்ணன்தான் எழுந்தான். அவன் முன்னால் போக, அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு போனாள், சிறுவயதில் இருட்டில் நடக்கும்போது பிடிப்பதைப்போல. கதவைத் தள்ளினான்.

யாரும் இல்லை. ஜன்னல் உள்பக்கம் கொக்கி போட்டபடி இருந்தது. மேசைமேல் படிந்த தூசி கலையவில்லை. அம்மா எப்போதும் ஜன்னலைப் பார்க்கப் போட்டுவைக்கும் நாற்காலி கதவைப் பார்க்கத் திரும்பியிருந்தது. கருவி ஒட்ட வந்த அன்று அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று சில்லு எவ்வளவோ முயன்றும் ஞாபகத்துக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் ஒன்று அவளுக்கு ஐயமில்லாமல் தெரிந்தது. வெளியே குளிர்காலம். ஆள் புழங்காத அறை எப்படி இருக்கும் என்று அவள் கைகளுக்குத் தெரியும், அதுதான் அவள் பிழைப்பு. இந்த அறையில் அந்தச் சில்லிப்பு இல்லை. யாரோ இப்போதுதான் எழுந்துபோன வெதுவெதுப்பு இருந்தது.

கதவைச் சாத்திவிட்டு ஹாலுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் மெல்லச் சொன்னான். அவன் வேலை பார்த்த பிரிவையே மூடிவிட்டார்கள். இவனோடு சேர்த்துப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அண்ணியிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பி, போக்கிடம் இல்லாமல் இங்கே வர ஆரம்பித்தான்.

"மொத நாள் திருடன் மாதிரி இருந்துச்சு. ரெண்டாவது நாள் உள்ளேர்ந்து நாற்காலி சத்தம் கேட்டுது. டக்னு. தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் நெனச்சேன், சாவி ஒன்கிட்டயும் இருக்கே, செவுத்துல ஒன் ஆபீஸ் கருவி வேற ஒட்டியிருக்கு, சில்லுதான் வந்து உக்காந்து வேலை பாக்கறான்னு. நான் வந்தது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும், இருந்தும் நீ வெளிய வந்து எதுவும் கேக்கல."

"நீ கதவைத் தட்டிருக்கலாமே."

"தட்டினா நீ கேப்பியே. ஏன் ஆபீஸ் போகலன்னு." அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "தெனமும் நான் வரும்போதே நீ உள்ள இருப்பே. லேசா கனைப்பே. நாற்காலி அசையும். நான் கிளம்பும்போதும் இருப்பே. எவ்வளவு தெம்பா இருந்துச்சு தெரியுமா? சண்டை போட்டாலும் தங்கச்சி விட்டுக் குடுக்கலன்னு நெனச்சுக்கிட்டேன்."

சில்லு பின்னறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா இப்படித்தானே," என்றான் அவன், அவளைப் பார்க்காமல். "நான் ரெண்டு தடவை ஃபெயிலாகி வீட்ல கெடந்தப்போ, ஒரு வார்த்த கேட்டிருப்பாளா? பக்கத்து ரூம்ல போய் உக்காந்துக்குவா. ஆள் இருக்கேன்னு நமக்குத் தெரியணும்னு நாற்காலிய அசைச்சுக்கிட்டே இருப்பா."

கிளம்பும்போது அண்ணன் வாசலில் நின்று ஹாலை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். பிறகு பூட்டினான்.

அன்று மாலையே அண்ணியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். சில்லுவும் கூட இருந்தாள். அண்ணி அழுவாள், கத்துவாள் என்று இருவரும் தயாராக இருந்தார்கள். அவள் துணி மடிப்பதை நிறுத்தாமல், "எனக்கு எப்பவோ தெரியும். சட்டைல ஆபீஸ் வாசனையே இல்ல. நீங்களாச் சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டிருந்தேன்" என்றாள். பிறகு மடித்த துணியையே மறுபடி எடுத்து மடித்தாள்.

சொல்லிவிட்டதில் பாதிப் பாரம் இறங்கியதோ என்னவோ, அண்ணன் நாலு இடத்தில் கேட்டு, கொஞ்ச நாளில் ஒரு கிடங்கில் மேற்பார்வை வேலை பிடித்தான். பழைய வேலை அளவுக்கு இல்லை, ஆனாலும் வேலை. அம்மா வீட்டுக்குப் போவது நின்றது.

அவன் போகாத முதல் வாரத்துக் கோடுகளைச் சில்லு வரைந்தாள். ஹால் படிந்துவிட்டது. அது எதிர்பார்த்ததுதான். பின்னறையைத் திறக்கும்போது அவள் விரல் தயங்கியது. இடைப்பகுதியை நிரப்பு என்றாள். நிரப்ப ஒன்றும் இல்லை. மயிரிழை அளவில் ஒரு நிறம்கூட வரவில்லை. அண்ணன் வருவதை நிறுத்திய அதே நாளில் அதுவும் நின்றுபோயிருந்தது.

பயம் விட்டது என்று அவள் நிம்மதியடைந்திருக்க வேண்டும். நிம்மதி வரவில்லை. வயிறு எரிந்தது. வெளியில் சொல்லக் கூச்சமாக இருந்தாலும் உண்மை அதுதான். கடைசி மாதங்களில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது அவள். மாத்திரை, மருத்துவர், குளிக்கவைப்பது, மெத்தை விரிப்பை மாற்றுவது, எல்லாம் அவள். அண்ணன் நினைத்தால் பழம் வாங்கிக்கொண்டு வருவான், ஓரமாக உட்காருவான், போய்விடுவான். ஆனால் அவன் வந்த நாளெல்லாம் அம்மாவின் முகமே வேறாக இருக்கும். போனபிறகுமா இப்படி?

வீம்பு பிடித்தவள்போல விடுப்பு எடுத்தாள். தினமும் போய் ஹாலில், அண்ணன் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள். பின்னறைக் கதவைச் சாத்தி வைத்தாள். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். கீழே யாரோ கார் கதவைச் சாத்துவது கேட்டது. மேல்மாடியில் தண்ணீர் ஓடியது. உள்ளே சத்தமே இல்லை. மாலையில் வீட்டுக்கு வந்து கோடுகளை வரைவாள். ஹாலில் ஒரு ஆள் அளவுக்கு ஆரஞ்சு. அது அவள். பின்னறையில் நீலமும் சிவப்பும் ஒன்றையொன்று விடாமல் கட்டிக்கொண்டு கிடந்தன.

"சரி, எனக்குக் கெடையாது. அவ்வளவுதானே," என்று ஒருநாள் சத்தமாகவே சொல்லிவிட்டாள். சொன்னதும் தனக்கே அசிங்கமாக இருந்தது. எழுந்து பின்னறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அலமாரியில் இருந்த துணிகளை வெளியே இழுத்துப் போட்டாள். யாராவது ஒருவர் செய்ய வேண்டிய வேலைதானே. கொஞ்சம் மடித்தாள், கொஞ்சம் அழுதாள், பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தபடி இருந்தாள்.

எப்போது என்று தெரியவில்லை. ஹாலில் சோபா முனகியது. யாரோ உடம்பைத் தளர்த்திச் சாய்ந்து உட்காரும் சத்தம். சில்லு ஒன்றும் பயப்படவில்லை. அண்ணன்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். கிடங்கில் ஏதாவது பிரச்சினையோ, மறுபடியும் வேலை போய்விட்டதோ. கேட்கப் போனால் கூசிப்போவான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகட்டும். அழுத முகத்தோடு அவன் முன்னால் போய் நிற்கவும் அவளுக்கு மனமில்லை. தான் இருப்பது அவனுக்குத் தெரியட்டும் என்று நாற்காலியில் லேசாக அசைந்தாள். டக். ஹாலில் இருந்து மெலிதாக ஒரு கனைப்பு வந்தது.

அந்த மதியம்போல ஒரு மதியத்தை அவள் அதிகம் அனுபவித்ததில்லை. இரண்டு பேரும் ஒரு சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உடம்பில் எங்கோ மாதக்கணக்காக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தன் கைகள் வெதுவெதுப்பாக இருப்பதை வியப்போடு பார்த்துக்கொண்டாள்.

வெளிச்சம் மங்கத் தொடங்கியதும் கதவைத் திறந்து வெளியே வந்தாள். ஹாலில் யாரும் இல்லை. வாசல் கதவு, அவள் வந்தபோது யோசிக்காமல் உள்பக்கம் போட்ட தாழ்ப்பாளோடு அப்படியே இருந்தது.

தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் செய்தாள்.

"இன்னிக்கு இங்க வந்தியா?"

"இல்லியே. லோடு வந்திருக்கு, தலைக்கு மேல வேலை. ஏன்?"

அவள் காலியாக இருந்த சோபாவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அண்ணன் எதையோ புரிந்துகொண்டவன்போலக் குரலைத் தாழ்த்தினான்.

"நீ எங்க இருந்தே, ஹால்லயா?"

"இல்ல. உள்ள இருந்தேன்."

"ஓ," என்றான். பிறகு, "பயந்துட்டியா?" என்றான்.

"இப்பத்தான் பயமா இருக்கு. அப்ப இல்ல."

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு," என்றான் அண்ணன்.

வீட்டுக்குப் போனதும் கணினியைத் திறந்தாள். அன்றைய கோடுகள் வந்திருந்தன. பின்னறையில் சிவப்பு மேலே ஏறியிருந்தது. அது அவள். ஹாலில், முதலில் அவள் உட்கார்ந்திருந்த நேரத்து ஏற்றம் அடங்கிய பிறகு, மறுபடியும் ஏறியிருந்தது. அவள் பின்னறைக்குள் போனதற்குச் சற்று பின்னால் தொடங்கி, அவள் கதவைத் திறந்த நேரத்தில் நீலத்தை நோக்கி இறங்கத் தொடங்கியிருந்தது. நிரப்பும் கட்டளைமேல் விரல் நின்றது. நிரப்பினால் பரப்பளவு வரும். பரப்பளவு வந்தால் அது ஒரு ஆளா இல்லையா என்று தெரிந்துவிடும். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நிரப்பாமலே மூடினாள்.

அலுவலகத்துக்குக் கொடுத்த அறிக்கையில் படுக்கையறையையும் சமையலறையையும் மட்டும் சேர்த்தாள். மற்ற இரண்டையும் ஏன் விட்டுவிட்டீர்கள் என்று மேலாளர் கேட்டார்.

"அங்க ஆள் இருந்தாங்க," என்றாள்.

"காலி வீடுன்னு சொன்னீங்களே."

"அப்படித்தான் நெனச்சேன்."

கருவிகளைக் கழற்றும் அன்று அண்ணனும் அண்ணியும் கூட வந்தார்கள். வீட்டை விற்பது பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடலாம் என்று அண்ணிதான் சொல்லியிருந்தாள். அவள் அந்த வீட்டுக்கு வந்தே பல மாதங்கள் ஆகியிருந்தன. அவளிடம் இருவருமே எதுவும் சொல்லியிருக்கவில்லை. வெளியே நல்ல குளிர். படியேறி வந்த மூச்சிரைப்போடு ஹாலின் நடுவில் நின்று, கழுத்துத் துணியை அவிழ்த்துக்கொண்டே அண்ணி சுற்றுமுற்றும் பார்த்தாள்.

"பூட்டிக் கெடந்த வீடு மாதிரியே இல்லியே. கதகதப்பா இருக்கு," என்றாள்.

சில்லு சுவரிலிருந்து கருவியை உரித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அண்ணி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். பின்னறையில் கொஞ்ச நேரம் நின்றாள். திரும்பி வந்தவள் சோபாவில் உட்கார்ந்து, "நாம எதுக்கு வாடகை வீட்ல கெடந்து அவதிப்படணும்? இங்கயே வந்துடலாமே. சில்லு, ஒனக்கு ஆட்சேபம் உண்டா?" என்றாள்.

சில்லு அண்ணனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான்.

"எனக்கென்ன அண்ணி. ஒண்ணுமில்ல," என்றாள்.

குளிர்காலம் முடிவதற்குள் அவர்கள் குடிவந்துவிட்டார்கள். வாசலில் செருப்புகள் சேர்ந்தன, அடுப்பு எரிந்தது, டிவி ஓடியது. சில்லுவும் ஓய்வு நாட்களில் வந்து போகத் தொடங்கினாள். ஒருநாள், அண்ணி கடைக்குப் போயிருந்தபோது, அவள் அண்ணனிடம் கேட்டாள்.

"இப்பவும் ஏதாவது கேக்குதா?"

அண்ணன் யோசித்தான். சமையலறையில் குக்கர் சீறியது. மேல்மாடியில் யாரோ நடந்தார்கள்.

"இப்பதான் வீட்ல இத்தனை பேர் இருக்கோமே. எது யாரோட சத்தம்னு எப்படிப் பிரிக்கிறது?" என்றான்.

அது சரிதான் என்று சில்லுவுக்குப் பட்டது. குடியிருக்கும் வீட்டில் சிவப்பு எப்போதும் மேலேதான் நிற்கும். நடுவில் உள்ள இடம் முழுக்க நிறைந்துதான் இருக்கும். அதில் எது யாருடையது என்று இதுவரை எந்தக் கணக்கும் பிரித்துச் சொன்னதில்லை.